மாண்டலின் வாங்கப் போறீங்களா? முதல்ல அந்த ரெண்டு சக்கரத்தைப் பாருங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

பின்னாடி ஹாரன் சத்தம் கேட்டா மன்னிச்சுக்குங்க. நான் ரெக்கார்ட் பண்ற ரூம் காந்திபுரத்துல, டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான் இங்க மைக்கை ஆன் பண்ண முடியும். அப்பவும் வெளியூர் பஸ்காரங்க நம்மள விடமாட்டாங்க.

இன்னைக்கு மாண்டலின் பத்திப் பேசப் போறேன். முதல் மாண்டலின் எப்படித் தேர்ந்தெடுக்கறது, வாங்கினதும் அதை எப்படி வாசிக்கிற நிலைக்குக் கொண்டு வர்றதுன்னு. ஆனா ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். நான் என் முதல் மாண்டலினை ஏழு மாசத்துல கைவிட்டவன். "எனக்குச் சங்கீதம் வராது, என் விரல் அதுக்கு ஆகாது"ன்னு வீட்டுல, ஃப்ரெண்ட்ஸ்கிட்ட எல்லாம் சொல்லிட்டு, அதை வித்துட்டேன். அப்புறம் அதே மாண்டலினை வேற ஒருத்தர் கையில கேட்டேன். அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, பிரச்சனை என் விரல்ல இல்லைன்னு. அந்தக் கதைக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் அடிப்படை.

எந்தச் சத்தத்தைக் கேட்டு ஆசைப்பட்டீங்க?

கடைக்குப் போறதுக்கு முன்னாடி உங்களையே கேட்டுக்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். ஏன்னா மாண்டலின்னு சொன்னா நம்ம ஊர்ல ரெண்டு வேற வேற சத்தம் இருக்கு.

ஒண்ணு, பழைய சினிமாப் பாட்டுல வர்ற மாண்டலின். கிணிகிணின்னு ஒரே ஸ்வரத்தை வேகவேகமா மீட்டி, தண்ணி தெறிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதுக்கு ட்ரெமலோன்னு பேரு. அது வெறும் அழகுக்காக வந்தது இல்லை. மாண்டலின் கம்பி ரொம்பக் குட்டை, சுமார் 35 சென்டிமீட்டர்தான். கிட்டார் கம்பியோட ஒப்பிட்டா பாதிக்குக் கொஞ்சம் மேல. மீட்டின உடனே சத்தம் செத்துடும். ஸ்வரத்தை நீட்டணும்னா திரும்பத் திரும்ப மீட்டித்தான் ஆகணும். அந்தக் கஷ்டத்துல இருந்து பிறந்த அழகு அது.

ரெண்டாவது சத்தம் மாண்டலின் ஸ்ரீநிவாஸ். ஆந்திராவுல பாலக்கொல்லுங்கற ஊர்ல 1969ல பிறந்தவரு. ஆறு வயசுல அப்பாவோட மாண்டலினை எடுத்து வாசிக்க ஆரம்பிச்சாரு. அவருக்குச் சொல்லிக் கொடுத்த ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவரு பாடுவாரு, பையன் அந்தப் பாட்டை அப்படியே கம்பியில தேடிப் பிடிப்பான். அந்தச் சுப்பராஜு யாரோட சிஷ்யர்னா, செம்பை வைத்தியநாத பாகவதரோட சிஷ்யர். செம்பை எங்க இருக்கு? நம்ம வாளையாறைத் தாண்டினா பாலக்காடு மாவட்டம், அங்க இருக்கிற ஒரு கிராமம். ஆக, நம்ம பக்கத்துல இருந்து ஆந்திரா போன ஒரு பாட்டு, மாண்டலினா மாறித் திரும்பி வந்திருக்கு.

1978ல குடிவாடாவுல தியாகராஜ ஆராதனையில முதல் கச்சேரி. 1981ல மெட்ராஸ்ல வாசிக்கறப்போ அவருக்கு வயசு பன்னெண்டு. மாண்டலின்ல கர்நாடக சங்கீதமா, கமகம் எப்படி வரும்னு அப்ப நிறைய பேர் சந்தேகப்பட்டாங்க. அந்தச் சந்தேகத்துல நியாயம் இருந்துது. சாதா மாண்டலின்ல எட்டுக் கம்பி, ஜோடி ஜோடியா நாலு வரிசை. ஒரு ஜோடியை அழுத்தி இழுத்தா ரெண்டு கம்பியும் ஒரே அளவுக்கு நகராது, சுருதி பிசகும். சத்தமும் நிக்காது. அதனால அவரு வாத்தியத்தையே மாத்திட்டாரு. ஜோடிக் கம்பிக்குப் பதிலா ஒத்தைக் கம்பி, நாலுக்குப் பதிலா அஞ்சு, அதையும் எலக்ட்ரிக்கா ஆக்கினாரு. ஆம்ப்ளிஃபையர் வழியா வர்றதால மீட்டின ஸ்வரம் நீண்டு நிக்கும், விரலை வழுக்கிட்டுப் போனா சத்தமும் கூடவே வரும். 1998ல பத்மஸ்ரீ. 2014 செப்டம்பர் 19ல இறந்தாரு, 45 வயசுதான்.

அவரு இறந்தப்போ நான் ப்ளஸ் ஒன். அன்னைக்கு டிவியில ஓடின கிளிப்லதான் அவரை முதன்முதலா கேட்டேன். மூணு வருஷம் கழிச்சு, காலேஜ் ரெண்டாம் வருஷத்துல காசு சேர்த்து ஒரு மாண்டலின் வாங்கினேன். எட்டுக் கம்பி, ஜோடிக் கம்பி மாண்டலின். அதுல அவரு சத்தம் வரும்னு நினைச்சேன். இதுதான் என் முதல் தப்பு.

அதனால, உங்க மனசுல இருக்கிற சத்தம் ஸ்ரீநிவாஸோடதுன்னா, கர்நாடக சங்கீதம்தான் கத்துக்கப் போறீங்கன்னா, அஞ்சு கம்பி எலக்ட்ரிக் மாண்டலின் தேடுங்க. கூடவே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரும் வாங்கணும், அதையும் பட்ஜெட்ல சேர்த்துக்கங்க. ரொம்ப முக்கியமா, முதல்ல டீச்சரைப் பிடிங்க, அப்புறம் வாத்தியம். அவங்க என்ன சுருதியில சொல்லித் தர்றாங்க, எத்தனை கம்பின்னு கேட்டுட்டு வாங்குங்க. சினிமாப் பாட்டு, மெல்லிசை, வெஸ்டர்ன்னா எட்டுக் கம்பி மாண்டலினே சரி.

எட்டுக் கம்பியில உருவம் மூணு வகை. முதுகு பூசணிக்காய் மாதிரி உருண்டு இருக்கிறது இத்தாலியில நேப்பிள்ஸ் ஊரோட பழைய வகை. பார்க்க அழகு, மடியில வழுக்கும், மென்மையான உடம்பு, தடிச்ச கம்பியோட இழுப்பைத் தாங்காது. ஆரம்பிக்கிறவங்களுக்கு வேண்டாம். இன்னும் ரெண்டும் அமெரிக்காவுல ஆர்வில் கிப்சன் காலத்துல வந்தது. 1898ல அவரு பேட்டன்ட் வாங்கின வடிவமைப்புல, வயலின் மாதிரி செதுக்கின பலகை. ஒரு வகை நீர்த்துளி மாதிரி இருக்கும், அது ஏ மாடல். இன்னொண்ணு தோள்ல நத்தைச் சுருள் மாதிரி வேலைப்பாடோட இருக்கும், அது எஃப் மாடல். அந்தச் சுருளுக்குத்தான் கூடுதல் காசு. சத்தத்துக்கு அதனால பெரிசா ஒண்ணும் ஆகிறதில்லை. ஒரே விலையில ரெண்டும் இருந்தா ஏ மாடலை எடுங்க. வேலைப்பாட்டுக்குப் போற காசு மரத்துக்கும் கீக்கும் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

கடையில அஞ்சு நிமிஷம்

நான் வாங்கின கதையைச் சொல்றேன். காந்திபுரத்துல ஒரு கடை, பேரு வேண்டாம். கிட்டார், கீபோர்டு, தபேலா எல்லாம் தொங்கிட்டு இருக்கும். மாண்டலின் ஒண்ணே ஒண்ணு, மேல மூலையில தூசியோட இருந்துது. "தம்பி, இதுக்கு ஆளே வர்றதில்லைங்க, உங்களுக்காக 4,500க்குத் தர்றேன்"ன்னாரு. நான் ஒரு தடவை டொய்ங்னு மீட்டிப் பார்த்தேன். சத்தம் வந்துது. வாங்கிட்டேன். பைக்ல முன்னாடி வெச்சு, ஃப்ளைஓவர் மேல காத்துல, ராஜா மாதிரி வீட்டுக்குப் போனேன்.

இப்ப போனா என்ன பார்ப்பேன்னு சொல்றேன். குறிச்சுக்கங்க.

முதல்ல, கழுத்தைத் துப்பாக்கி குறி பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிட்டு, தலைப்பக்கம் இருந்து பாருங்க. நேரா இருக்கணும். ரொம்ப லேசான குழி பரவாயில்லை. முறுக்கிட்டு இருந்தா அப்படியே திருப்பிக் கொடுத்துடுங்க.

ரெண்டாவது, ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்லயும் அழுத்தி மீட்டுங்க. ஃப்ரெட்னா வீணையில மெட்டுன்னு சொல்றோமே, அந்தக் குறுக்குக் கம்பி. எங்கயாவது ஈ மாதிரி கொர்ர்னா அந்த இடத்துல மேடு பள்ளம் இருக்குன்னு அர்த்தம்.

மூணாவது, எட்டுக் கீயையும் திருப்பிப் பாருங்க. மெதுவா, சீரா நகரணும். நீங்க கொஞ்சம் திருப்பினா அது சும்மா இருந்துட்டு திடீர்னு குதிச்சா, தினமும் ட்யூன் பண்றப்போ அழுவீங்க.

நாலாவது, பன்னெண்டாவது ஃப்ரெட் பரீட்சை. அந்த ஃப்ரெட்டுக்கு நேர் மேல கம்பியை அழுத்தாம, சும்மா தொட்டுட்டு மீட்டி விரலை எடுங்க. மணி மாதிரி ஒரு சத்தம் வரும். அப்புறம் அதே இடத்துல அழுத்தி மீட்டுங்க. ரெண்டும் ஒரே ஸ்வரமா இருக்கணும். காதுக்குத் தெரியலைன்னா ட்யூனர் சொல்லும். ட்யூனர்ல ஒரு டிப்ஸ்: ஃபோன் ஆப் மைக்ல கேக்கும், காந்திபுரம் கடையில அது பஸ் ஹாரனைத்தான் ட்யூன் பண்ணும். தலையில கிளிப் மாதிரி மாட்டுற ட்யூனர் மரத்தோட அதிர்வைப் பிடிக்கும். சில நூறு ரூபாய்ல கிடைக்கும். மாண்டலின் வாங்கறதுக்கு முன்னாடியே அதை வாங்கிக்கலாம்.

அஞ்சாவது, அதே பன்னெண்டாவது ஃப்ரெட்ல கம்பி எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு பாருங்க. இதுக்கு ஆக்‌ஷன்னு பேரு. இந்த ஒரு வார்த்தை எனக்கு அன்னைக்குத் தெரிஞ்சிருந்தா, இந்த எபிசோடே இருந்திருக்காது.

ஏழு மாசம்

வீட்டுக்கு வந்து வாசிக்க ஆரம்பிச்சேன். விரல் நுனியில கோடு விழுந்துது. யூட்யூப்ல எல்லாரும் "வலிக்கும், போகப் போகக் காய்ச்சுடும், விடாதீங்க"ன்னாங்க. சரின்னு விடலை. மூணாவது மாசம் நுனி காய்ச்சுப் போச்சு, ஆனா வலி போகலை. மணிக்கட்டுக்கு வந்துது. சுண்டு விரல் கம்பியை அழுத்தவே மாட்டேங்குது. அழுத்தினா சுருதி மேல போகுது. சரளி வரிசை ஒரு தடவை முடிக்கறதுக்குள்ள வேர்த்துடும். பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள், "தம்பி, என்னமோ சரியில்லீங்களே"ன்னு ரொம்ப மரியாதையா சொன்னாங்க.

எனக்கு என்ன தோணுச்சுன்னா, மத்தவங்களுக்கு வருது, எனக்கு வரலை. அப்ப கோளாறு என்கிட்டதான். கடையில புதுசா வாங்கின பொருள் சரியாத்தானே இருக்கும்? ஒரு மிக்ஸி வாங்கினா அப்படித்தானே நினைப்போம்?

வாத்தியம் மிக்ஸி இல்லீங்க. ஃபேக்டரியில இருந்து வர்றது பாதி வேலைதான். விலை குறைஞ்ச வாத்தியத்துல பெரும்பாலும் கம்பியை வேணும்னே உயரமா வெச்சு அனுப்புவாங்க. ஏன்னா உயரமா இருந்தா கொர்ர்னு சத்தம் வராது, கடையில மீட்டிப் பார்க்கிறவனுக்குக் குறை தெரியாது. இறக்கி அளவு பார்க்கிறது கடைக்காரரோ வாங்கினவரோ செய்ய வேண்டிய வேலை. அதுக்குப் பேருதான் செட்அப். இது யாரும் எனக்குச் சொல்லலை. நானும் கேக்கலை.

ஏழாவது மாசம் காலேஜ்ல ஒரு ஜூனியர் பையன்கிட்ட 2,000 ரூபாய்க்கு வித்துட்டேன். அவன் "அண்ணா, வாசிக்கக் கஷ்டமாங்ண்ணா?"ன்னு கேட்டான். "கஷ்டம்தான்டா, பழகிடும்"னேன். எனக்குப் பழகலைன்னு தெரிஞ்சே சொன்னேன். இப்பவும் அது உறுத்துது.

லேத் பட்டறை

ரெண்டு மாசம் கழிச்சு அந்தப் பையன் வாசிக்கிறதைக் கேட்டேன். ஹாஸ்டல் மொட்டை மாடியில, ஒரு பழைய பாட்டு, மெதுவா, ஆனா சுத்தமா. அதே மாண்டலின். கீழ் ஓரத்துல நான் இடிச்ச தழும்புகூட இருக்கு. கையில வாங்கி அழுத்திப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி இருந்துது. "என்னடா பண்ணே?"ன்னு கேட்டேன். "எங்க மாமாகிட்ட காட்டினேங்ண்ணா"ன்னான்.

மாமா இசைக் கலைஞர் இல்லை. கணபதியில லேத் பட்டறை வெச்சிருக்காரு, பம்ப் பார்ட்ஸ் கடைஞ்சு கொடுக்கிறாரு. நான் ஒரு சனிக்கிழமை அங்க போனேன். அவரு சிரிச்சுட்டே சொன்னாரு: "கண்ணு, இவன் கொண்டாந்தப்ப கம்பியெல்லாம் துணி காயப்போடற கொடியாட்ட இருந்துச்சு. இதைப் போயி ஏழு மாசம் வாசிச்சயா?"

அவரு என்ன பண்ணினாருன்னு வரிசையா சொல்றேன். இதுல பாதியை நீங்களே வீட்டுல பண்ணிக்கலாம்.

முதல்ல அளந்திருக்காரு. ஃபீலர் கேஜ்னு ஒரு சாமான், விசிறி மாதிரி மெல்லிசுத் தகடுகள் இருக்கும், நம்ம ஊர் பட்டறையில எல்லார்கிட்டயும் இருக்கும். அதை அடுக்கி பன்னெண்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல விட்டுப் பார்த்தா, தடிச்ச கம்பியில மூணரை மில்லிமீட்டர். இருக்க வேண்டியது தடிச்ச கம்பியில சுமார் 2, மெல்லிசுக் கம்பியில சுமார் ஒன்றரை. உங்ககிட்ட கேஜ் இல்லைன்னா அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல் போதும்.

அடுத்தது பிரிட்ஜ். நம்ம வீணையில குதிரைன்னு சொல்வோம். கம்பியைத் தாங்கிட்டு நிக்கிற மரக்கட்டை. என் மாண்டலின்ல அந்தக் கட்டை ரெண்டு துண்டா இருந்துது, நடுவுல ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சின்னப் பித்தளைச் சக்கரம். நான் அதை டிசைன்னு நினைச்சிருந்தேன். அது திருகு. திருப்பினா மேல் துண்டு ஏறும், இறங்கும். அவ்வளவுதான். ஏழு மாச வலி அந்த ரெண்டு சக்கரத்துல இருந்துது. காசு செலவில்லை, கருவி வேண்டாம், விரலால திருப்பலாம்.

ஒரு சின்னக் கணக்கு. பன்னெண்டாவது ஃப்ரெட் கம்பியோட சரிபாதியில இருக்கு. அதனால அங்க ஒரு மில்லிமீட்டர் குறையணும்னா பிரிட்ஜ்ல ரெண்டு மில்லிமீட்டர் இறக்கணும். அவரு மூணு இறக்கினாரு. திருப்பறதுக்கு முன்னாடி எல்லாக் கம்பியையும் நல்லாத் தளர்த்திடுங்க. எட்டுக் கம்பியும் சேர்ந்து சுமார் 70 கிலோ அளவுக்கு இழுத்துட்டு இருக்கும், ஒரு ஆள் தொங்கற மாதிரி. அந்தப் பாரத்தோட சக்கரத்தைத் திருப்பினா மரை தேய்ஞ்சிடும். கொஞ்சம் இறக்கி, திரும்ப ட்யூன் பண்ணி, அளந்து, வாசிச்சுப் பாருங்க. கொர்ர்னா கொஞ்சம் ஏத்துங்க. சக்கரம் இல்லாத ஒத்தைக் கட்டை பிரிட்ஜ்னா, அடியில உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். அதைத் தெரிஞ்சவங்ககிட்ட விடுங்க.

மூணாவது, பிரிட்ஜ் இருக்கிற இடம். இது ரொம்பப் பேருக்குத் தெரியாது: மாண்டலின் பிரிட்ஜை ஒட்டியிருக்க மாட்டாங்க. கம்பியோட அழுத்தத்துலதான் நிக்குது. இடிபட்டா நகரும். என்னோடது நாலு மில்லிமீட்டர் பின்னாடி போயிருந்துது. நாலு மில்லிமீட்டர்தானேன்னு நினைக்காதீங்க. அதுல பன்னெண்டாவது ஃப்ரெட்டோட ஸ்வரம், பக்கத்து ஸ்வரத்துக்கு இருக்கிற தூரத்துல அஞ்சுல ஒரு பங்கு கீழ இறங்கிடும். பக்கத்து வீட்டு அக்காவுக்கே கேட்டுது. அழுத்தின சத்தம் மணிச் சத்தத்தைவிடக் கீழ இருந்தா பிரிட்ஜைக் கழுத்துப் பக்கம் நகர்த்துங்க. மேல இருந்தா பின்னாடி. கம்பியைத் தளர்த்திட்டு, மில்லிமீட்டர் கணக்கா. சரியான இடம் வந்ததும் பென்சில்ல மெல்லிசா ஒரு கோடு போட்டுக்கங்க.

நாலாவது, நட். தலைப்பக்கம் கம்பிகள் உக்காந்திருக்கிற சின்ன வெள்ளைத் துண்டு. இதைச் சோதிக்க ஒரு வழி: ரெண்டாவது, மூணாவது ஃப்ரெட்டுக்கு நடுவுல கம்பியை அழுத்திட்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேல இருக்கிற இடைவெளியைப் பாருங்க. தலைமுடி நுழையற அளவு இருக்கணும். எனக்கு விசிட்டிங் கார்டே போகும்போல இருந்துது. முதல் ஃப்ரெட்ல அழுத்தினா சுருதி மேல போனது இதனாலதான். மாமா ஊசி அரத்தால கொஞ்சம் கொஞ்சமா இழைச்சிருக்காரு. இதை மட்டும் வீட்டுல பண்ணாதீங்க. ஒரு இழுப்பு அதிகமானா நட்டை மாத்த வேண்டியதுதான். கிட்டார் சர்வீஸ் பண்றவங்க யார் வேணும்னாலும் செய்வாங்க.

கடைசியில பழைய துருக் கம்பியைக் கழட்டிட்டு லைட் செட் போட்டிருக்காங்க. கவர்ல 10-34னு இருக்கும், அது அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்குக் கணக்கு. கம்பி வாங்கறப்போ நுனியில வளையம் இருக்கிற மாண்டலின் கம்பிதானான்னு பாருங்க. கிட்டார் கம்பிக்கு நுனியில குண்டு இருக்கும், பெரும்பாலும் மாட்டாது. எட்டையும் ஒரேயடியாக் கழட்டாம ஒவ்வொண்ணா மாத்துங்க. இல்லைன்னா பிரிட்ஜ் கீழ விழுந்துடும், அதோட இடம் போயிடும்.

எல்லாம் முடிஞ்சு மாமா சொன்னது எனக்கு மறக்கவே மறக்காது. "மிஷின்ல ஓட்டற புதுப் பையன் பீஸைக் கெடுத்தா, நான் முதல்ல மிஷின் அளவைத்தான் பார்ப்பேன் கண்ணு. அது சரியா இருந்தாத்தான் பையனைத் திட்டுவேன்."

நான் ஏழு மாசமும் பையனை மட்டும் திட்டிட்டு இருந்தேன்.

முதல் வாரம்

சரி, வாங்கியாச்சு, செட்அப் ஆச்சு. அடுத்து ட்யூனிங். தடிச்ச கம்பியில இருந்து மெல்லிசுக்கு: ஜி, டி, ஏ, ஈ. வெஸ்டர்ன் வயலினும் இதேதான், அதனால அந்த வயலின் பாடப் புத்தகம் எதுவும் உங்களுக்கு உதவும். ஜோடியில ஒரு கம்பியை முதல்ல ட்யூன் பண்ணுங்க, இன்னொண்ணை விரலால தொட்டு அமுக்கிக்கங்க. அப்புறம் ரெண்டாவதை முதல் கம்பியோட காதால சேருங்க. ரெண்டும் சேர்றப்போ அந்த "வவ்வவ்"ங்கற அலை நின்னுடும். எப்பவும் கீழ இருந்து மேல வாங்க. மெல்லிசு ஈ கம்பியை ஆர்வத்துல மேல ஏத்தினீங்கன்னா அறுந்து கையில வெட்டும்.

எட்டுக் கம்பி வாங்கிட்டு, ஆனா கர்நாடக சங்கீதம்தான் கத்துக்கறீங்கன்னா ஒரு வழி இருக்கு. ஏ ஜோடியை ஜிக்கும், ஈ ஜோடியை டிக்கும் இறக்குங்க. இப்ப ஜி, டி, ஜி, டி. அதாவது ச, ப, ச, ப, அஞ்சு கட்டை சுருதி. நம்ம ஊர் வயலின்காரங்க வைக்கிற முறையும் ச, ப, ச, பதான். கம்பியை இறக்கத்தான் செய்யறோம், ஏத்தலை, அதனால வாத்தியத்துக்கு ஆபத்தில்லை. கம்பி கொஞ்சம் தளர்ந்து வழுக்கறதுக்கும் வாகா இருக்கும். ஸ்ரீநிவாஸ் சத்தம் வராது. ஆனா சரளி வரிசை சுத்தமா வரும்.

பிக் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாம, வளையாததா வாங்குங்க. மெல்லிசு பிக்ல ஜோடிக் கம்பியை மீட்டினா சத்தம் சல்லுன்னு போயிடும்.

அப்புறம் நம்ம ஊர்க் காத்து. மார்ச், ஏப்ரல் வெயில்ல மரம் காயும், பலகை லேசா இறங்கும், கம்பி கொர்ர்னு சொல்லும். ஜூன் மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியா ஈரக்காத்து வர ஆரம்பிச்சா மரம் ஊதும், கம்பி மேல ஏறும். அப்ப திடீர்னு விரல் வலிச்சா உங்களைத் திட்டிக்காதீங்க. அளந்து பாருங்க. முதல் வாத்தியத்துக்கு ஒட்டுப்பலகை மேல்பக்கமே நல்லது. முழுமரம் அளவுக்குச் சத்தம் வராது, ஆனா இந்த ஏத்த இறக்கத்தைத் தாங்கும். கார்லயோ வெயில்ல நிக்கிற பைக்லயோ விட்டுட்டுப் போகாதீங்க. வாசிச்சு முடிச்சதும் பழைய பனியன் துணியால கம்பியைத் துடைச்சிடுங்க, வேர்வைதான் துருவுக்குக் காரணம்.

காசு விஷயம். பட்ஜெட் முழுசையும் வாத்தியத்துல போட்டுடாதீங்க. கடையிலயே, "செட்அப் பண்ணித் தருவீங்களா? ஆக்‌ஷன் ரெண்டு மில்லிக்கு இறக்கித் தாங்க"ன்னு கேளுங்க. இந்த ஒரு வரி போதும். கேக்கறவனுக்குத் தெரியும்னு அவங்களுக்குப் புரியும். தரமாட்டேன்னா, செட்அப், ஒரு கம்பி செட், ட்யூனர், ரெண்டு பிக், இதுக்குத் தனியா ஒதுக்கி வெச்சுட்டு மீதியில வாத்தியம் பாருங்க.

என்னால அந்த மாண்டலினைத் திரும்ப வாங்க முடியலை. கேட்டேன். பையன், "தர மாட்டேங்ண்ணா"ன்னான். நியாயம்தான். போன வருஷம் அஞ்சு கம்பி எலக்ட்ரிக் ஒண்ணு வாங்கினேன், ரெண்டாம் கை. வாங்கின அன்னைக்கே நேரா கணபதிக்குத்தான் எடுத்துட்டுப் போனேன். மாமா ஃபீலர் கேஜை எடுத்தாரு, ரெண்டு மூணு இடத்துல விட்டுப் பார்த்தாரு, என்கிட்ட திருப்பிக் கொடுத்தாரு. "அளவு சரியா இருக்குது கண்ணு. இனி உன்பாடு"ன்னாரு.

இப்ப தினமும் இருபது நிமிஷம் வாசிக்கிறேன். ஜண்டை வரிசையில இருக்கேன். சுமாராத்தான் வருது. ஆனா இந்தத் தடவை சுமாரா வர்றது நான்தான்னு எனக்குத் தெரியும். அதைச் சரி பண்ணிக்கலாம்.

உங்க வீட்டுல பரண் மேல, கட்டிலுக்கு அடியில, "நமக்கு வராது"ன்னு எடுத்து வெச்ச மாண்டலினோ கிட்டாரோ இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை எடுத்து, பன்னெண்டாவது ஃப்ரெட்ல ஒரு ஸ்கேலை வெச்சுப் பாருங்க. என்ன அளவு வந்துதுன்னு எனக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். வரட்டுங்களா.